1979 தமிழ் எல்பி: 130 வெள்ளி ஒரிஜினலா, 58 வெள்ளி ரீஇஷ்யூவா?

தெம்பனிஸ்வாசி

வணக்கம். 1979ல் வந்த ஒரு தமிழ்த் திரைப்பட எல்பி (12 அங்குல இசைத்தட்டு) தேடிக்கொண்டிருக்கிறேன். படத்தின் பெயரைச் சொன்னால் பேச்சு பாட்டுகளின் பக்கம் போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன். இப்போது கேரோசல் விற்பனைத் தளத்தில் இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன.

ஒன்று, இந்தியாவில் அச்சான ஒரிஜினல், ஸ்டீரியோ, 130 வெள்ளி. விற்பவர் 'விஜி பிளஸ்' (மிக நல்ல நிலைக்கும் சற்று மேல்) என்கிறார். கண்ணால் பார்த்துச் சொன்ன தரம்தான், ஓட்டிக் கேட்கவில்லையாம். அட்டையின் உள்பக்கம் பூஞ்சைப் புள்ளிகள் தெரிகின்றன. இன்னொன்று அண்மையில் வந்த ரீஇஷ்யூ, அதாவது மறுவெளியீடு. 180 கிராம், ஆரஞ்சு நிறம், பிரிக்காதது, 58 வெள்ளி. 'ரீமாஸ்டர்டு' என்று ஸ்டிக்கர் இருக்கிறது. யார் செய்தார், எதிலிருந்து எடுத்தார் என்று அட்டையில் ஓரிடத்திலும் இல்லை.

என்னிடம் உள்ளது ஆடியோ டெக்னிக்கா எல்பி120எக்ஸ் பிளேயர், விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்தும் பகுதி), ஃபோனோ உள்ளீடு உள்ள ஆம்ப். கேட்பதற்காகத்தான் வாங்குகிறேன், விலை ஏறட்டும் என்று பூட்டி வைக்க இல்லை. எதை எடுக்கலாம்? ஒரிஜினல் என்றால் நேரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஊசிமுனை

ஒரிஜினலா ரீஇஷ்யூவா என்று முடிவெடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எந்த மாஸ்டரிலிருந்து, அதாவது எந்த மூல ஒலிப்பதிவிலிருந்து, தட்டை வெட்டினார்கள்? உங்கள் கைக்கு வரப்போகும் அந்த ஒரு பிரதி என்ன நிலையில் இருக்கிறது? தமிழ்த் தட்டுகளில் பெரும்பாலும் ரீஇஷ்யூவுக்கு முதல் கேள்வி தடுக்கும், ஒரிஜினலுக்கு இரண்டாவது தடுக்கும்.

ஜாஸ் சேகரிப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. புளூ நோட் நிறுவனத்தின் டோன் போயட் மறுவெளியீட்டு வரிசை 2019ல் தொடங்கியது. கெவின் கிரே என்ற பொறியாளர் மூல நாடாவிலிருந்து வெட்டியது, ஆர்டிஐ ஆலையில் அச்சடித்தது என்று எல்லாம் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. 1960களின் அச்சுக்குப் பல நூறு வெள்ளி கொடுக்காமலே நல்ல ஒலி கிடைத்துவிடும். இதற்கு நேர்மாறாக, மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் முழு அனலாக் என்று பலர் நம்பி வாங்கிய தட்டுகளில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் படியைப் பயன்படுத்தி வந்தது 2022ல் தெரியவந்தது. அந்தத் தட்டுகள் ஒலியில் மட்டமானவை என்று இதற்கு அர்த்தமில்லை. பிரச்சினை, வாங்குபவருக்குச் சொல்லாததுதான். உங்கள் ஆரஞ்சுத் தட்டிலும் அதே பிரச்சினை இருக்கிறது. 'ரீமாஸ்டர்டு' என்ற ஒரு சொல் எதற்கும் உத்தரவாதம் இல்லை. மூல நாடாவிலிருந்து 24 பிட் கோப்பு எடுத்துப் பொறுமையாகச் சமன் செய்தாலும் ரீமாஸ்டர்தான். பழைய சிடியை எடுத்து இரைச்சல் நீக்கி, சத்தத்தை ஏற்றி அனுப்பினாலும் ரீமாஸ்டர்தான்.

180 கிராம் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எடை கூடினால் தட்டு சற்று விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். குரூவில் (தட்டின் பள்ளத்தில்) வெட்டப்பட்ட ஒலி மாறாது. தடிப்பான தட்டுக்கு டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) உயரத்தை மாற்ற வேண்டும் என்பார்கள். தடிப்பில் அரை மில்லிமீட்டர் கூடினால் ஆர்மின் சாய்வு சுமார் 0.12 டிகிரிதான் மாறும். விட்டுவிடுங்கள்.

இனி ஒரிஜினல். 1970களிலும் 80களிலும் இந்தியாவில் அச்சான தட்டுகளில் மேற்பரப்பு இரைச்சல் கூடுதலாக இருப்பது சேகரிப்பவர்கள் எல்லாரும் அறிந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகம் முழுக்கவே பிவிசி (தட்டு செய்யும் பிளாஸ்டிக்) விலை ஏறியதும், பல ஆலைகள் பழைய தட்டுகளை அரைத்துக் கலந்ததும் இதில் ஒரு பங்கு. ஸ்டாம்பரை (தட்டை அழுத்தி அடிக்கும் உலோக அச்சை) அதன் ஆயுளைத் தாண்டி ஓட்டினால் குரூவின் விளிம்பு மழுங்கி ஒலி மங்கிவிடும். இவை ஆலையிலேயே வந்த குறைகள். எந்த சுத்திகரிப்பும் இவற்றைத் தீர்க்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து, முன்பு வைத்திருந்தவரின் பிளேயர். செராமிக் கார்ட்ரிட்ஜும் நீலக்கல் ஊசியும் போட்ட பெட்டி பிளேயர்கள் 5 கிராம் வரைகூட அழுத்தும். உங்கள் விஎம்95இ அழுத்துவது 2 கிராம். ஊசி தேய்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டியிருந்தால் குரூவின் சுவர் செதுக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட தட்டு விளக்கடியில் பளபளவென்று இருக்கும், கண்ணால் பார்த்தால் விஜி பிளஸ் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஓட்டினால்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே ஓட்டிக் கேட்காமல் 130 வெள்ளி தர வேண்டாம். முழுத் தட்டும் கேட்க நேரமில்லையென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டை மட்டும் கேளுங்கள். 33⅓ வேகத்தில் வெளி ஓரத்தில் குரூவ் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள் ஓரத்தில் 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுவதால் தேய்மானம் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பெண் குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தைக் கவனியுங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் தெளிவாக விழாமல் துப்புவது போல் சிதறினால் அது தேய்மானம். அங்கங்கே டிக் டிக் என்றால் தூசியோ கீறலோ. பாதியாவது கழுவினால் போய்விடும். துணி கிழிவது போன்ற சத்தம் ஒரு காதில் மட்டும் வந்து போனால், அச்சடித்தபோது பிவிசி ஸ்டாம்பரை முழுக்க நிரப்பவில்லை என்று பொருள். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் தையல் போட்டது போல் சின்னச் சின்னக் கோடுகள் தெரியும். இந்தக் கடைசிக் குறை புதிய 180 கிராம் தட்டுகளிலும் சர்வசாதாரணம். ரீஇஷ்யூவை எடுத்தால் வாங்கிய அன்றே பிரித்து, இரு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்க முடியும்.

இன்னும் ஒன்று. தட்டு சுழலும்போது டோன்ஆர்மின் தலையைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக ஆடினால் நடுத்துளை மையம் விலகியிருக்கிறது. துளை அரை மில்லிமீட்டர் விலகினால் உள்பாட்டில் சுருதி ஏறக்குறைய 0.8% ஏறி இறங்கும். தாளம் வேகமாக ஓடும் பாட்டில் தெரியாது. புல்லாங்குழலோ நாகஸ்வரமோ ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தில் காதைக் குத்தும்.

தேக்கா45

ஊசிமுனை அண்ணன் சொன்ன சோதனைகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தமிழ்த் திரை இசைக்கு ஒரிஜினல் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

1979ல் வெட்டியவர்களிடம் இருந்தது புதிய நாடா. 45 ஆண்டு கழித்து எடுக்கும் நாடா அதே நாடாவாக இருந்தாலும் அதே நிலையில் இருக்காது. மேலும், இப்போது வெட்டுபவர்கள் பழைய நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சலைக் குறைக்கப் போய், தபேலாவின் விரல் ஓசையையும் வயலின் வில் உரசும் காற்றையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்கள். இரைச்சலுக்கு நடுவே இசை இருந்தால் காது சில நிமிடத்தில் பழகிக்கொள்ளும். துடைத்து எடுத்ததை எந்த ஆம்பும் திரும்பக் கொண்டுவராது. அதனால், உள்பாட்டில் குரல் சிதறாத ஒரிஜினல் கிடைத்தால், கொஞ்சம் பொரிந்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: இபி. அந்தக் காலப் படங்களில் பலவற்றுக்கு 45 வேகத்தில் 7 அங்குல இபி வந்தது, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. உங்களுக்கு வேண்டியது இரண்டு மூன்று பாட்டுதான் என்றால் எல்பியைவிட மலிவாக முடியும். வாங்கும் முன் பாட்டின் நீளத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் 7 நிமிடத்தைத் தாண்டினால் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள். எல்பியிலும் இதே கணக்குதான். பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரை இருந்தால் நல்லது. ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று வந்த எல்பிகளில் சில 25 நிமிடத்தை நெருங்கும், பேஸ் மெலிந்திருக்கும்.

மோனோ இபி என்றால் ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திக் கேளுங்கள். மோனோ குரூவில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. தூசியும் தேய்மானமும் தரும் இரைச்சலில் பெரும்பங்கு மேலும்கீழுமான அசைவில் வரும். இரண்டு சேனலையும் கூட்டினால் அது அடிபட்டுப் போய்விடும். ஒரு காசு செலவில்லாமல் இரைச்சல் கணிசமாகக் குறையும்.

தெம்பனிஸ்வாசி

இருவருக்கும் நன்றி. விற்பவரிடம் லேபிள், ரன்அவுட் (பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதி) படங்கள் வாங்கினேன். ஒரிஜினலின் லேபிளில் வட்டத்துக்குள் பி போட்டு 1979 என்று இருக்கிறது, கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, டம்டம் என்றும் இருக்கிறது. ரன்அவுட்டில் இயந்திரத்தால் பதித்த எண், கடைசியில் 1. அப்படியானால் இது முதல் அச்சு என்று உறுதியாகச் சொல்லலாமா? இஎம்ஐ நிறுவனத் தட்டுகளில் எழுத்தை வைத்து ஸ்டாம்பர் எண் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன், அதுவும் இதற்குப் பொருந்துமா? ரீஇஷ்யூ பிரிக்காதது, ஆனால் டிஸ்காக்ஸ் என்ற தட்டுப் பட்டியல் தளத்தில் அதே பதிப்பின் ரன்அவுட் பதிவாகியிருக்கிறது: ஆறு இலக்க எண், பிறகு இ1/ஏ.

ஊசிமுனை

லேபிளில் உள்ள 1979 ஒலிப்பதிவு வெளியான ஆண்டு. தட்டு அச்சான ஆண்டு இல்லை. தேவை இருக்கும்வரை அதே ஸ்டாம்பர் வரிசையில், அதே அட்டையில், அதே பட்டியல் எண்ணில் மறுபடி மறுபடி அடித்திருக்கலாம். கடைசியில் உள்ள 1, முதல் லாக்கரிலிருந்து (ஒலியை முதலில் வெட்டும் தட்டிலிருந்து) வந்தது என்பதைக் காட்டும். அந்த லாக்கரிலிருந்து பல மதர் (ஸ்டாம்பர் எடுக்கும் உலோகத் தட்டு), ஒவ்வொரு மதரிலிருந்தும் பல ஸ்டாம்பர், ஒவ்வொரு ஸ்டாம்பரிலும் ஆயிரம் தட்டுக்கு மேல் அடிக்கலாம். ஆக இது 'அந்தக் காலத்து அச்சு' என்பது சரி. 'முதல் அச்சு' என்று கூடுதல் விலை கேட்டால் அதற்கு ஆதாரம் இல்லை.

நீங்கள் படித்த எழுத்து முறை, 'கிராமோஃப்எல்டிடி' (GRAMOPHLTD) என்ற பத்து எழுத்தை ஜி 1, ஆர் 2, ஏ 3 என்று கடைசி டி 0 வரை எண்ணாக்குவது. ரன்அவுட்டில் பதித்த மேட்ரிக்ஸ் எண் கீழே வரும்படி பிடித்தால், வலப்பக்கம் தனியாக அந்த எழுத்துகளும் இடப்பக்கம் மதர் எண்ணும் இருக்கும். அது இங்கிலாந்தின் ஹேய்ஸ் ஆலைத் தட்டுகளுக்கு உரிய முறை. அடெல்ஃபி கடைத்தொகுதியில் பீட்டில்ஸ் தட்டு புரட்டும்போது பயன்படும். டம்டம் தட்டில் பொருத்திப் பார்த்து விலை பேச வேண்டாம்.

இ1/ஏ என்று முடிவது செக் குடியரசின் ஜிஇசட் மீடியா ஆலையின் எண் முறை. யார் அச்சடித்தார்கள் என்பது அதனால் தெரிகிறது, எதிலிருந்து என்பது தெரியவில்லை. அந்த ஆலைக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி டிஜிட்டல் கோப்பாகத்தான் வருகிறது. கோப்பு நன்றாக இருந்தால் தட்டும் நன்றாக இருக்கும். பல நல்ல தட்டுகள் அங்கிருந்து வந்திருக்கின்றன. நிறத் தட்டு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே நிறமானால் பெரிய வித்தியாசம் இருக்காது. பல நிறம் கலந்து தெறித்தது போன்றவற்றிலும் படம் பதித்த பிக்சர் டிஸ்க்கிலும்தான் இரைச்சல் கூடும்.

கோப்பு எப்படிப்பட்டது என்று வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். ஆம்பின் டேப் அவுட்டிலிருந்து 96 கிலோஹெர்ட்ஸில் கணினியில் பதிந்து, ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (அதிர்வெண் வரைபடம்) பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் சுவர் வைத்தது போல் சட்டென்று வெட்டுப்பட்டால் எங்கோ ஒரு கட்டத்தில் எம்பி3 புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். 22 அருகே வெட்டுப்பட்டால் சிடி தரக் கோப்பு. அதற்கு மேலும் ஒலி தெரிந்தால் உடனே மகிழ வேண்டாம். ஊசியின் சிதைவு ஒலிகளும் அங்கேதான் விழும். டைனமிக் ரேஞ்ச் (மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) எண்ணை வைத்து முடிவுக்கு வருவதும் தவறு. ஒரே மாஸ்டரைத் தட்டிலும் சிடியிலும் அளந்தால்கூடத் தட்டுக்குக் கூடுதல் எண் காட்டும், வெட்டும்போதும் ஓட்டும்போதும் அலையின் வடிவம் மாறுவதால்.

தேக்கா45 சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தக் காலத்து அச்சு என்றாலே முழு அனலாக் என்று சொல்லிவிட முடியாது. வெட்டும் இயந்திரம் அடுத்து வரும் ஒலி எவ்வளவு பெரியது என்று முன்கூட்டியே அறிந்து குரூவ் இடைவெளியை மாற்ற வேண்டும். அதற்கு முன்பெல்லாம் நாடா இயந்திரத்தில் கூடுதல் ஹெட் வைத்தார்கள். 1970களின் கடைசியிலிருந்து பல நாடுகளில் அந்த இடத்தில் டிஜிட்டல் டிலே (ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் கருவி) வந்துவிட்டது. 80களில் வந்த எல்பிகளைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக: விற்பவர் நேரில் ஓட்டிக் காட்டி, இரு பக்கக் கடைசிப் பாட்டும் சிதறாமல் இருந்தால் 90 வெள்ளி வரை பேசுங்கள். பூஞ்சை அட்டைக்கு அதற்கு மேல் தகாது. ஓட்டிக் காட்ட மறுத்தால் ரீஇஷ்யூவை எடுங்கள். கைப்பேசியில் எடுத்த வீடியோவை ஏற்க வேண்டாம், அதன் மைக் தரும் சிதைவும் குரூவின் சிதைவும் பிரித்தறிய முடியாது. பழைய தட்டுகள் இன்னும் வாங்கப் போகிறீர்கள் என்றால் அதே கார்ட்ரிட்ஜில் விஎம்என்95எம்எல் ஊசியைச் செருகலாம், உடல் மாற்ற வேண்டியதில்லை. பழைய உருண்டை ஊசி தொடாத சுவர்ப் பகுதியை அது தொடுவதால் சில தேய்ந்த தட்டுகள் வியக்கத்தக்க அளவு மீளும். ஆழத்தில் கிடக்கும் அழுக்கையும் அதுதான் கூடுதலாகப் படிக்கும், எனவே கழுவாமல் ஓட்டக் கூடாது.

ஈரம்50

யாரும் பூஞ்சையைப் பற்றி விவரமாகச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80%க்கு மேல். இங்கே அதுதான் முதல் எதிரி.

பிவிசியைப் பூஞ்சை தின்பதில்லை. காகித உறை, அட்டையின் பசை, விரல் எண்ணெய், தூசி இவற்றில்தான் வளர்கிறது. ஆகையால் அந்தத் தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்றவற்றோடு ஒரு நாள்கூட ஒன்றாக வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, உள் காகித உறையை எடுத்து எறியுங்கள். அதில் பாட்டு வரிகள் அச்சாகியிருந்தால் மட்டும் தனிப் பாலித்தீன் உறையில் மூடி வையுங்கள். அட்டையைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்து, 45 முதல் 50% ஈரப்பதத்தில் சில நாள் உலரவிடுங்கள். பளபளப்பான வெளிப்பக்கத்தை 70% ஆல்கஹால் லேசாக நனைத்த துணியால் துடைக்கலாம். பளபளப்புப் பூச்சு இல்லாத காகிதத்தில் மை கரையும், மூலையில் தொட்டுப் பார்த்த பிறகே செய்யுங்கள்.

தட்டைக் கழுவ: மருந்துக் கடையில் கிடைக்கும் 70% ஐசோபுரொபைல் 285 மி.லி., வாலை வடிநீர் 715 மி.லி. கலந்தால் ஒரு லிட்டரில் 20% வரும். படச்சுருள் கழுவுபவர்கள் பயன்படுத்தும் வெட்டிங் ஏஜென்ட் 2 அல்லது 3 சொட்டு. வாசனையோ மாய்ஸ்சரைசரோ சேர்த்த ஆல்கஹால் வேண்டாம், குரூவில் படிந்துவிடும். லேபிளை நனையாமல் காத்து, குரூவின் போக்கிலேயே பிரஷ் செய்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, வெறும் வடிநீரால் இரண்டு முறை அலசுங்கள். வாக்குவம் இயந்திரம் இருந்தால் உறிஞ்சுங்கள், இல்லையென்றால் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி நிறுத்தி உலர்த்துங்கள். காற்றாடிக்கு முன் வைத்தால் தூசி ஒட்டும். பூஞ்சைத் தட்டுக்குத் தனி பிரஷ். தட்டு கழுவும் ஸ்பின் கிளீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கடைசியில்தான் இறக்க வேண்டும், அடுத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். 78 வேக ஷெலாக் தட்டுகளுக்கு ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும்.

உலர்ந்ததும் புதிய ஆன்டிஸ்டாட்டிக் உள்ளுறை. மென்மையான பிவிசி உறைகளைத் தவிருங்கள். நம் வெப்பத்தில் அதிலுள்ள எண்ணெய்ப் பசை கசிந்து தட்டின் மேல் வெள்ளை மூட்டம் போல் படியும், அது இரைச்சலாகவே கேட்கும், கழுவினாலும் போகாது.

வீவக வீட்டில் அடுக்கும் இடம்: மாலை வெயில் விழும் சுவரும் குளியலறைச் சுவரும் வேண்டாம், பின்னால் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். ஐக்கியா காலக்ஸ் அறை ஒன்று 33 செ.மீ., தாங்கும் எடை 13 கிலோ. அட்டையோடு ஒரு எல்பி 250 முதல் 300 கிராம் என்றால் ஓர் அறையில் 43க்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. கேமராவுக்கான டிரை கேபினட் வாங்கினால் உள்ளாழம் 33 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். பலவற்றில் லென்ஸுக்கு ஏற்றபடி அதைவிடக் குறைவாகவே இருக்கும், எல்பி நுழையாது. கருவியை 45% ஈரப்பதத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். மிகவும் காய்ந்தால் பழைய அட்டையின் மடிப்பு நொறுங்கும். இரவு மட்டும் ஏர்கான் போட்டு காலையில் அணைக்கும் அறையில் ஈரப்பதம் அணைத்ததும் ஏறிவிடும். அலமாரிக்குள் 10 வெள்ளி ஈரமானி ஒன்று வைத்துப் பார்த்தால் தெரியும்.

தேக்கா45

1970கள் பற்றி அண்ணன் சொன்ன டிஜிட்டல் டிலே விஷயம் சரிதான், ஏற்றுக்கொள்கிறேன்.

இங்குள்ள விற்பவர் மசியவில்லை என்றால் வெளிநாட்டில் தேடலாம். சுங்கை சாலைச் சந்தை 2017ல் மூடிய பிறகு இங்கே தற்செயலாகத் தமிழ்த் தட்டு கிடைப்பது குறைந்துவிட்டது. கணக்கில் 9% பொருள் சேவை வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்டதற்குப் பதிவு செய்த தளங்கள் வாங்கும்போதே வசூலிக்கும். அதற்கு மேலானால் இங்கே வந்து சேரும்போது, அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். பழைய பொருள் என்பதற்கு விலக்கு இல்லை.

அனுப்புபவரிடம் மறக்காமல் ஒன்று சொல்லுங்கள். தட்டை அட்டைக்குள் விடாமல் வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் விறைப்பான அட்டை கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். வழியில் பெட்டி விழுந்தால் உள்ளே இருக்கும் தட்டு அட்டையின் மேல்விளிம்பைக் கிழித்துவிடும். 45 ஆண்டுப் பழைய பசைக்கு அந்த ஓர் அடி போதும்.